வாடிய பூவைக் கிள்ளுங்கள், செடி மறுபடி பூக்கும்

நம் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். "உங்கள் ரயில்வே அனுபவங்களை எழுதுங்கள் சார்" என்பது அவர் விருப்பம். முப்பத்தெட்டு ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்தவனிடம் அனுபவங்களுக்குப் பஞ்சம் இல்லைதான். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு நான் கற்றுக்கொண்ட ஒரு சிறிய விஷயம், ரயில்வே கதைகளைவிட உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று தோன்றுகிறது. அது பூச்செடி பற்றியது. வாசக அன்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

நான் டிப்ளமா படித்த சிவில் எஞ்சினியர். தாவரவியல் படித்தவன் அல்லன். ஆகவே இதில் சொல்வதெல்லாம் என் தோட்டத்தில் கண்டதும், பிறகு புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டதும்தான்.

பூக்காத தோட்டம்

திருப்பதியில் எங்கள் வீடு சிறியது. முன்பக்கம் பத்தடி அகலத்தில் ஒரு மண் பாத்தி, மாடியில் இருபது தொட்டிகள், அவ்வளவுதான். அந்தச் சிறிய இடத்தில் என் மனைவி பன்னீர் ரோஜா, மல்லி, கனகாம்பரம், செம்பருத்தி, நந்தியாவட்டை, சங்குப்பூ, துலுக்கச் சாமந்தி என்று எல்லாம் வைத்திருந்தாள். அவளுக்கு வேலூர்ப் பக்கம். பாகாலா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்தே எங்கு மாற்றலாகிப் போனாலும் முதலில் லாரியில் ஏறுவது அவளுடைய தொட்டிகள்தான், பீரோ பிறகுதான்.

பல ஆண்டுகள் எங்கள் வீட்டில் பூ விலைக்கு வாங்கியதில்லை. வரலட்சுமி விரதத்துக்கு ஊரெல்லாம் பூ விலை ஏறிக் கிடக்கும் நாளிலும் எங்கள் வீட்டுக் கூடையில் பூ இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அவள் காலமானாள். அந்த ஆண்டு முழுவதும் வீட்டில் பண்டிகை இல்லை. சுவாமி படத்துக்கு விளக்கு மட்டும் ஏற்றினேன், பூ வைக்கவில்லை. தோட்டத்தை மட்டும் வாட விடக்கூடாது என்று மனதில் உறுதி செய்துகொண்டேன். காலையும் மாலையும் தண்ணீர். மாதம் ஒருமுறை உரக்கடையில் யூரியா வாங்கி வந்து ஒவ்வொரு தொட்டிக்கும் அளந்து போட்டேன். எஞ்சினியர் அல்லவா, நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டுக் குறித்தும் வைத்தேன்.

முதல் இரண்டு மாதம் ரோஜா நன்றாகப் பூத்தது. பிறகு குறைந்தது. ஆறு மாதத்தில் இலைகள் கரும்பச்சையாகத் தழைத்து நின்றன. பூ மட்டும் இல்லை. துலுக்கச் சாமந்தி மண்டை மண்டையாகக் காய்ந்து நின்றது. சங்குப்பூக் கொடி முழுவதும் காய். கனகாம்பரத்தில் பழுப்பு நிறக் கதிர்கள். "அவள் போனதால் செடிக்கும் மனசு விட்டுப் போயிற்று" என்று உறவினர் ஒருவர் சொன்னார். நானும் அதை ஏறக்குறைய நம்பிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா மதில் ஓரமாக நின்று தோட்டத்தைப் பார்த்தார். தெலுங்குக்காரர். என் மனைவிக்கு இருபது ஆண்டு சிநேகிதி. "அண்ணா, பூலு கோயகபோதே செட்டு எட்லா பூஸ்துந்தி?" என்றார். பூப் பறிக்காமல் இருந்தால் செடி எப்படிப் பூக்கும் என்பது அதன் பொருள்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் மனைவி தினமும் விடியற்காலையில் கூடையுடன் தோட்டத்துக்குப் போவாள். நல்ல பூ பூஜைக்கு; வாடியது, காய் பிடித்தது எல்லாவற்றையும் கிள்ளிச் செடியின் அடியிலேயே போட்டுவிடுவாள். அதை நான் பூப் பறிப்பதாக மட்டுமே நினைத்திருந்தேன். உண்மையில் அதுதான் பராமரிப்பு. அவள் போன பிறகு நான் தண்ணீரும் உரமும் கொடுத்தேன், பூவைத் தொடவில்லை. துக்கத்தினால் பூவைத் தொடாமல் இருந்ததே செடி பூக்காமல் போனதற்குக் காரணம்.

ரயில்வேயில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் தன் பகுதிப் பாதையை நடந்து பார்த்து, தளர்ந்த சாவிகளையும் போல்ட்டுகளையும் இறுக்கிக்கொண்டே போவார். ரயிலில் போகிறவர்களுக்கு அவர் முகம்கூடத் தெரியாது. அவர் ஒரு மாதம் வராவிட்டால்தான் அவர் செய்துகொண்டிருந்த வேலை என்ன என்று தெரியும். என் வீட்டுத் தோட்டத்துக்கு என் மனைவி கீமேனாக இருந்திருக்கிறாள்.

செடி ஏன் பூக்கிறது?

மேல்நாட்டுத் தோட்டக்காரர்கள் வாடிய பூவை அகற்றும் இந்த வேலையை 'டெட்ஹெட்டிங்' என்கிறார்கள். நாம் 'வாடிய பூ கிள்ளுதல்' என்று சொல்லலாம். இது ஏன் பலன் தருகிறது என்று தெரிந்துகொண்டால் எந்தச் செடியில் எப்படிச் செய்ய வேண்டும் என்பது தானாக விளங்கும்.

நாம் பூவைப் பார்த்து மகிழ்கிறோம். செடிக்குப் பூ ஒரு வழி மட்டுமே. அதன் குறி விதை. பூ மலர்கிறது, தேனீயோ வண்டோ வந்து மகரந்தம் சேர்க்கிறது, இதழ் உதிர்கிறது, அடியில் காய் பிடிக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து இலைகள் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும் பங்கு காய்க்குப் போகிறது. புதிய மொட்டுக்கு மிச்சம் குறைவு. போதுமான விதை முற்றிவிட்டால், குறிப்பாக ஒரு பருவமே வாழும் செடிகளுக்கு, வந்த வேலை முடிந்தது. செடி பழுக்கத் தொடங்கிவிடும்.

இது சாப்பாட்டுப் பங்கீடு மட்டும் அல்ல. வளரும் விதைகளிலிருந்து ஒரு தகவலும் செடிக்குள் போகிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியை வைத்து 1994இல் வெளியான ஓர் ஆய்வில், விதை பிடிக்காத செடிகள் நீண்ட நாள் பூத்துக்கொண்டே இருப்பதும், காய் வளர வளரப் பூக்கும் நுனிகள் வேலையை நிறுத்திவிடுவதும் காட்டப்பட்டது. காய்தான் 'போதும், நிறுத்து' என்று சொல்கிறது.

நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த உண்மை வேறு வழியில் தெரியும். வெண்டைக்காயை ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தால் செடி காய்த்துக்கொண்டே இருக்கும். ஊருக்குப் போய்விட்டு பத்து நாள் கழித்து வந்தால் காய் முற்றி நார் ஏறியிருக்கும், செடியும் சோர்ந்துவிடும். அவரையும் பீன்ஸும் அப்படியே. துளசியில் கதிரைக் கிள்ளாமல் விட்டால் இலை சிறுத்து, தண்டு கட்டையாகிவிடும். கதிரைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் செடி குடை போலத் தழைக்கும்.

நுனி மொட்டும் லூப் லைனும்

இரண்டாவது காரணம் நுனி மொட்டின் ஆதிக்கம். தண்டின் உச்சியில் இருக்கும் மொட்டு, கீழே இலைக் கக்கங்களில் இருக்கும் பக்க மொட்டுகளைத் தலையெடுக்க விடாது. உச்சியைக் கிள்ளினால் இரண்டு மூன்று பக்கக் கிளைகள் வெடித்து வரும்.

இதன் சரித்திரம் சுவையானது. சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து 1880இல் வெளியிட்ட நூலில், புல் நாற்றின் நுனி வெளிச்சத்தை உணர்ந்து கீழ்ப்பகுதிக்கு ஏதோ ஒரு செய்தியை அனுப்புகிறது என்று எழுதினார். அந்தச் செய்தி ஒரு ரசாயனப் பொருளே என்பதை 1920களில் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஃப்ரிட்ஸ் வென்ட் காட்டினார். அதுதான் ஆக்சின் என்ற ஹார்மோன். 1930களின் தொடக்கத்தில் திமானும் ஸ்கூக்கும் ஒரு சோதனை செய்தார்கள். அவரைக் குடும்பச் செடி ஒன்றின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தார்கள். நுனி இல்லாதபோதும் பக்க மொட்டுகள் அடங்கியே இருந்தன. அண்மைக் காலத்தில் இன்னும் இரண்டு விவரங்கள் சேர்ந்திருக்கின்றன. கிளை விடுவதைத் தடுக்கும் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற வேறொரு ஹார்மோன் வகை 2008இல் அறியப்பட்டது. நுனியை வெட்டியதும் பக்க மொட்டுகளுக்குச் சர்க்கரை பாய்வதே அவை விழித்தெழ முதல் தூண்டுதல் என்பது பட்டாணிச் செடியில் 2014இல் காட்டப்பட்டது.

எங்கள் பாஷையில் சொன்னால் இது சிங்கிள் லைன் பிரிவு. மெயின் லைனில் எக்ஸ்பிரஸ் போய்க்கொண்டிருக்கும்வரை லூப் லைனில் நிற்கும் வண்டிக்கு சிக்னல் விழாது. எக்ஸ்பிரஸ் கடந்து போனால்தான் காத்திருக்கும் பாசஞ்சருக்கு வழி. காட்பாடி–பாகாலா–திருப்பதிப் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் கிராசிங்குக்காக லூப் லைனில் காத்துக் கிடந்தவர்களுக்கு இந்த உவமை நன்றாகவே புரியும்! வாடிய பூவையும் அதன் காம்பையும் எடுத்துவிட்டால் லூப் லைனுக்கு சிக்னல் விழுகிறது.

செடிக்குச் செடி முறை வேறு

ரோஜா: இதழ்கள் தளர்ந்து உதிரத் தொடங்கியதும் வெட்ட வேண்டும். பூவின் தலையை மட்டும் திருகி எறிந்தால் போதாது. வெறும் காம்பு காய்ந்து நிற்கும். பூவிலிருந்து கீழே இறங்கி வாருங்கள். முதலில் மூன்று சிற்றிலை கொண்ட இலை வரும். அதற்கும் கீழே ஐந்து சிற்றிலை கொண்ட இலை வரும். வெளிப்பக்கம் நோக்கி இருக்கும் அப்படிப்பட்ட ஓர் இலைக்குக் கால் அங்குலம் மேலே, சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். அந்தக் கக்கத்திலிருந்து புதுத் தளிர் வந்து, சுமார் ஆறு ஏழு வாரங்களில் மறுபடி பூக்கும். வெளிப்பக்க மொட்டாகப் பார்த்து வெட்டினால் செடியின் நடுவில் காற்றோட்டம் இருக்கும். புதிதாக நட்ட இளஞ்செடியில் மட்டும் அதிகம் இறங்கி வெட்டாதீர்கள். இலைதான் அதற்குச் சமையலறை.

துலுக்கச் சாமந்தி: ஆந்திராவில் பந்திப் பூ என்பார்கள். மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது என்றாலும் இன்று அது இல்லாமல் நம் வாசலில் தோரணம் இல்லை. நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் தொகுதி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விதை உண்டாகும். ஆகவே ஒரே ஒரு தலை காய்ந்தாலும் செடிக்கு அது பெரிய விதைக் களஞ்சியம். பூவின் கீழே உள்ள பச்சைக் கிண்ணத்தோடு சேர்த்து, அடுத்த இலை ஜோடி வரை இறங்கிக் கிள்ளிவிட வேண்டும். இதழை மட்டும் பிடுங்குவதால் பயனில்லை. நட்டு நான்கு வாரம் கழித்து உச்சியை ஒருமுறை கிள்ளிவிட்டால் செடி பக்கவாட்டில் படர்ந்து, பூவின் எண்ணிக்கை கூடும்.

சாமந்தி (செவ்வந்தி): இதற்கும் நட்டு நான்கு வாரத்தில் நுனி கிள்ளுவது வழக்கம். குப்பம், பலமநேர் பக்கத்து விவசாயிகள் சொல்லாமலே செய்வார்கள். பூத்து முடிந்த கொத்துகளை அவ்வப்போது எடுத்துவிடுங்கள்.

கனகாம்பரம்: கதிரில் கீழிருந்து மேலாகப் பூ மலர்ந்துகொண்டே போகும். கதிர் முழுவதும் பூத்து முடிந்த பின் அடியோடு வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் காய் முற்றி, மழைத் துளி பட்டதும் வெடித்து விதையைச் சிதறும். டெல்லி கனகாம்பரம் என்ற வகைக்கு விதையே பிடிப்பதில்லை. குச்சி வைத்துத்தான் பெருக்குகிறார்கள். அதிலும் காய்ந்த கதிரை வெட்டினால் புதுக் கதிர் விரைவில் வரும்.

மல்லி: மொட்டாகவே பறித்துவிடுவதால் இதில் வாடிய பூ கிள்ளும் வேலை குறைவு. இதற்கு முக்கியம் ஆண்டுக் கவாத்து. மல்லி புதுத் தளிரில்தான் மொட்டு விடும். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்யும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. வெட்டும்போது மனசு வலிக்கும். ஆனால் கோடையில் கூடை நிறையும்.

இட்லிப்பூ (வெட்சி): பூங்கொத்து பழுப்பானதும் கொத்துக்குக் கீழே முதல் இலை ஜோடிக்கு மேலே வெட்டவும்.

சங்குப்பூ: காயைப் பார்த்தவுடன் கிள்ளுங்கள். விதைக்கு வேண்டுமானால் கொடியின் ஒரு மூலையில் நாலைந்து காய்களை மட்டும் விடலாம்.

அரளி: பூத்து முடிந்ததும் நீளமான காய்கள் வரும். அவற்றை வெட்டிவிட்டால் பூ கூடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெட்டியதைக் குழந்தைகள், ஆடு மாடுகள் நெருங்கும் இடத்தில் போடாதீர்கள்; எரிக்கவும் வேண்டாம்.

சம்பங்கி: ஒரு தண்டு ஒருமுறைதான் பூக்கும். பூத்த தண்டை அடியில் வெட்டிவிடுங்கள்; இலைகளை விட்டுவிடுங்கள். பக்கக் கிழங்குகள் அடுத்த தண்டை அனுப்பும்.

செம்பருத்தி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி: இவை தாமே பூவை உதிர்த்துக்கொள்ளும். கிள்ளியே ஆக வேண்டும் என்பதில்லை. செம்பருத்தியில் கிளை நுனியை எப்போதாவது வெட்டினால் போதும். விழுந்த பூவைப் பெருக்கி எடுத்துவிடுங்கள்.

ஒற்றைத் தண்டில் ஒரே பூவாக வரும் சூரியகாந்தி வகையில் எவ்வளவு கிள்ளினாலும் இரண்டாவது பூ வராது. ஆகவே கத்தரியை எடுக்குமுன் செடியின் இயல்பைப் பாருங்கள்.

நான் செய்த தவறுகள்

முதல் தவறு யூரியா. அதில் இருப்பது தழைச்சத்து. அளவுக்கு மீறினால் இலைதான் தழைக்கும், பூ பின்தங்கும். இப்போது மட்கிய சாணமும், நம் சித்தூர்ச் சீமையில் தட்டில்லாமல் கிடைக்கும் கடலைப் புண்ணாக்கும் மட்டுமே. புண்ணாக்கை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து மாதம் இருமுறை ஊற்றுகிறேன்.

இரண்டாவது, துருப்பிடித்த கத்தரிக்கோலால் வெட்டியது. தண்டு நசுங்கி, அங்கிருந்து கருகிக்கொண்டே கீழே இறங்கியது. நல்ல கவாத்துக் கத்தரி ஒன்று வாங்கி, ஒவ்வொரு செடிக்கும் நடுவில் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். சாமந்தி, சங்குப்பூ போன்றவற்றுக்கு நகமே போதும்.

மூன்றாவது, மழைக்காலத்தில் சோம்பல்பட்டது. நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நனைந்த இதழ்கள் செடியிலேயே அழுகினால் பூஞ்சணம் பிடித்து நல்ல மொட்டுக்கும் பரவும். மழை விட்ட அன்று கிள்ளுவது பூவுக்காக மட்டும் அல்ல, நோய்த் தடுப்புக்காகவும்தான்.

நான்காவது, கடும் கோடையில் ஆழமாக வெட்டியது. திருப்பதி வெயிலில், மே மாதத்தில், இலை நிழல்தான் தண்டைக் காப்பாற்றுகிறது. அந்த மாதங்களில் வாடிய பூவை மட்டும் எடுத்தால் போதும்; பெரிய வெட்டு வேண்டாம்.

ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். ஒரே நாளில் நட்ட நான்கு துலுக்கச் சாமந்தித் தொட்டிகளில் இரண்டில் வாரம் இருமுறை கிள்ளினேன். இரண்டை அப்படியே விட்டேன். விட்டவை காய்ந்து சருகான பிறகும் கிள்ளியவை பூத்துக்கொண்டிருந்தன. நான்கு தொட்டி பெரிய ஆராய்ச்சி ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் மனத் திருப்திக்கு அது போதுமானதாக இருந்தது.

திருமலையும் பூவும்

பூவைப் பற்றி எழுதும்போது, மலையடிவாரத்தில் இருந்துகொண்டு திருமலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருமலையில் பூவெல்லாம் பெருமாளுக்கே என்பது மரபு. அங்கே பக்தர்கள் தலையில் பூ வைத்துக்கொள்வதில்லை.

அங்கு நந்தவனப் பணி என்றதும் நினைவுக்கு வருபவர் அனந்தாழ்வார். திருமலையில் தங்கிப் பூப்பணி செய்ய யார் போகிறீர்கள் என்று ராமானுஜர் தம் சீடர்களைக் கேட்டபோது, மலைக் குளிருக்கும் தனிமைக்கும் அஞ்சாமல் எழுந்து நின்றவர் அவர் ஒருவரே என்பது குருபரம்பரைக் கதை. நிறைமாதக் கர்ப்பிணியான மனைவி மண் சுமக்க, அவர் ஏரி வெட்டித் தோட்டம் அமைத்தார் என்றும், உதவிக்கு வந்த சிறுவன் மீது அவர் கடப்பாரையை வீச அது பெருமாளின் மோவாயில் பட்டது என்றும் சொல்வார்கள். அந்தக் கடப்பாரை என்று காட்டப்படுவது இன்றும் கோயில் மகாத்துவாரத்தில் தொங்குகிறது. பக்தர்கள் கூட்டத்தில் தள்ளப்பட்டுப் போகும் நாம் அதை ஒரு விநாடி அண்ணாந்து பார்க்கலாம். வாழ்நாள் முழுவதும் பூப் பறித்த ஒருவரின் கருவி அது.

சுவாமிக்குச் சாற்றிக் களைந்த பூக்கள் முன்பெல்லாம் பூங்கிணற்றில் சேர்க்கப்பட்டன. தேவஸ்தானக் கோயில்களில் பயன்பட்ட பூக்களிலிருந்து ஊதுவத்தி தயாரித்து விற்கும் திட்டத்தை திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2021 செப்டம்பரில் தொடங்கியது. வாடிய பூவும் வீணல்ல என்பதற்கு இது ஒரு சான்று. நம் வீட்டில் அந்த அளவு இல்லை. கிள்ளிய பூவையும், பூஜையில் களைந்த பூவையும் ஒரு பழைய வாளியில் காய்ந்த இலையோடு கலந்து மட்க வைத்தால் மூன்று நான்கு மாதத்தில் அதே செடிக்கு உரம். நோய் கண்ட பூவை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு

இந்த மலர் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் தபாலில் போகிறது. குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ரோஜாவில் வாடிய பூ வெட்டுவதை, உறைபனி தொடங்கச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். வெட்டினால் இளந்தளிர் வரும். பனி அதைக் கருக்கிவிடும். காயைச் செடியிலேயே விட்டால் செடி ஓய்வுக்குத் தயாராகும், பறவைகளுக்கும் உணவு. ஹைட்ரேஞ்சியா போல முந்தைய ஆண்டுத் தண்டில் மொட்டுக் கட்டும் செடிகளைத் தாமதமாக வெட்டினால் மறு ஆண்டுப் பூவையே வெட்டியதாகிவிடும். பால்கனியில் நாலு தொட்டி மட்டும் இருப்பவர்கள் துலுக்கச் சாமந்தியில் தொடங்குங்கள். குழந்தைகளிடம் கிள்ளும் வேலையைக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை. பலனைக் கண்ணால் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை செடியை வெட்டக்கூடாது, அந்தி சாய்ந்த பிறகு பூவைத் தொடக்கூடாது என்று சில வீடுகளில் வழக்கம் உண்டு. அதற்கு நான் எதிர் சொல்ல மாட்டேன். மற்ற ஆறு நாள் காலைப் பொழுது தாராளமாக இருக்கிறது. எப்படியும் வெயில் ஏறுமுன் வெட்டுவதே நல்லது.

விதைக்கு வேண்டுமானால் பருவத்தின் கடைசியில் சில நல்ல பூக்களைச் செடியிலேயே முற்ற விடுங்கள். நம் ஊர் விதை நம் மண்ணுக்கு ஒத்துப்போகும்.

முடிவாக

பக்கத்து வீட்டு அம்மா அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாள் காலை, அலமாரியின் மேல் இருந்த மூங்கில் கூடையை இறக்கித் தூசி தட்டினேன். காய்ந்த சாமந்தித் தலைகள், ரோஜாக் காய்கள், கனகாம்பரக் கதிர்கள் என்று அன்று கிள்ளியது கூடை நிறைய வந்தது. ஒரு நல்ல பூகூட இல்லை. ரோஜாவில் முதல் மொட்டு தலைகாட்ட ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் வருஷாப்தீகமும் முடிந்திருந்தது. அந்த முதல் பூவைப் பறிக்க எனக்குக் கை வரவில்லை. அவள் இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும்: "என்னங்க, பார்த்துக்கிட்டே நிக்காதீங்க, பறிங்க. அப்பத்தான் அடுத்தது வரும்." பறித்து அவள் படத்துக்கு வைத்தேன்.

இப்போது தினமும் பறிக்கிறேன். எனக்குச் சரம் தொடுக்கத் தெரியாது. ஆகவே பாதிப் பூ பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அங்கிருந்து சில நாட்களில் தொடுத்த சரமாக ஒரு முழம் திரும்பி வருகிறது.

அன்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது சத்தமில்லாமல் தினமும் செய்யும் சிறு வேலை ஏதாவது இருந்தால், அது என்ன, எதற்காக என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. செடியிடமிருந்து கற்றுக்கொள்ள எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. நாளைக் காலை காபி குடிக்குமுன் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். வாடியதைக் கிள்ளுங்கள்.